நீலகிரிக்கு வருகிறவர்களும் நீலகிரியில் இருப்பவர்களும்: வாசகர் கேள்விகள்

கோடையில் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது சரிதான் என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், பிறந்தவள். அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு, தங்கும் விடுதி எதுவும் கிடையாது.

வருடாவருடம் பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் ஊட்டிக்கு வருவோம். இப்போது இ-பாஸ் (மலைக்கு வண்டியில் வர இணையத்தில் வாங்கும் அனுமதி), சோதனை, கட்டுப்பாடு என்று பார்க்கும்போது, உங்கள் ஊர்க்காரர்களுக்கு நாங்கள் வருவதே பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது.
– வாசகி, திருப்பூர்

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. நீங்கள் வருவது பிடிக்கும். எல்லோரும் அதே சில வாரங்களில், குடும்பத்துக்கு ஒரு கார் என்று வருவதைத்தான் இந்த மலையால் தாங்க முடியவில்லை.

கோடை சீசனில் போலீசார் ஒருவழிப் பாதை வைப்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவர்கள் குன்னூர் வழியாக வர வேண்டும், இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழியாகப் போக வேண்டும். அதனால் சாயங்காலம் ஆனால் இறங்குகிற வண்டிகள் மொத்தமும் எங்கள் கடைவீதியில்தான் நிற்கும். தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள், தேயிலைக் கொழுந்து ஏற்றிய வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த வரிசையில்தான். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை பெரிய சிகிச்சை என்றால் கோவைக்குத்தான் ஓட வேண்டும். இந்த நெரிசலில் நோயாளியோடு ஒரு முறை மாட்டிக்கொண்ட குடும்பம் சுற்றுலாவைப் பற்றி என்ன நினைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். குன்னூர் நகரம் ரேலியா அணையை நம்பியிருக்கிறது. கோடையில் குழாயில் தண்ணீர் வர நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதே நாட்களில் விடுதிகளுக்கு லாரித் தண்ணீர் போகிறது. அந்த லாரி எங்கோ ஒரு கிராமத்து ஊற்றிலோ கிணற்றிலோதான் நிரம்ப வேண்டும். குடத்தோடு நிற்கிற பெண் அந்த லாரி போவதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

ஆனால் என் கொழுந்தனார் மகன் டெம்போ டிராவலர் ஓட்டுகிறான். அவனுக்கு ஏப்ரலும் மேயும்தான் வருடச் சம்பாத்தியம். வண்டிக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான். வர்க்கி ரொட்டி சுடுகிறவர், நீலகிரித் தைலம் விற்கிறவர், ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர், எல்லோருக்கும் இதே கதைதான். இந்த இரண்டு கருத்தும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாவை ஆதரிக்கிறார்களா எதிர்க்கிறார்களா என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடைக்காது. அதனால் யாருக்கு வருமானம், யார் தலையில் சுமை, முடிவெடுக்கும்போது யாரைக் கேட்டார்கள் என்ற மூன்றையும் நான் பார்க்கிறேன். எங்கே இந்த மூன்றும் ஓரளவு நியாயமாக இருக்கிறதோ அங்கே ஊர் சந்தோஷமாக வரவேற்கும்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மே மாதத்தை விட்டு வேறு மாதத்தில் வாருங்கள். முடிந்தால் ரயிலிலோ அரசுப் பேருந்திலோ வாருங்கள், அதற்கு இ-பாஸே தேவையில்லை. ஒரு நாளில் பத்து இடம் பார்ப்பதை விட்டு, ஒரே ஊரில் கூடுதலாக இரண்டு நாள் தங்குங்கள்.

நான் குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன். உச்சவரம்பு வந்த வருடம் புக்கிங் பாதியாகிவிட்டது. பென்ஷன் வாங்கும் நீங்கள் அதை ஆதரிப்பது சுலபம். எங்கள் வயிற்றுக்கு யார் பதில் சொல்வது?
– ஓட்டுநர், குன்னூர்

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, உங்களுக்கு வருவதில்லை. அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. முதலில் அது வெறும் பதிவுதான், எத்தனை பேர் கேட்டாலும் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விவசாயப் பொருள் ஏற்றிய வண்டிகளுக்கும் இந்த வரம்பு கிடையாது. இந்த வரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-ல் மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 6,000 வாகனத்தில் வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் உதகை நகரத்தின் மக்கள்தொகை சுமார் 88,000. அதாவது, வரம்பு போட்ட பிறகும், நகரத்தில் இருப்பவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் ஒரே நாளில் புதிதாக வரலாம். அதற்கு முன்பு சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வாகனம் வந்ததாக நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. இந்தச் சாலைகள் அதற்குப் போடப்பட்டவை அல்ல. குன்னூர் மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் அமல்படுத்திய விதத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. வரம்பு வருகிறது என்ற செய்தி ‘ஊட்டிக்கு விட மாட்டார்கள்’ என்று பரவியது. பாஸ் கிடைக்கிற நாட்களில்கூட வர நினைத்தவர்கள் வேறு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பார்த்ததில் அங்கேயே ஒரு நெரிசல். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களைப் போன்றவர்களிடம் யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசவில்லை. கடையடைத்தவர்களின் கோபத்தில் பாதி இந்த விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரம்பை எடுக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். வரம்பால் மிச்சமாகும் இடத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்பேன். வெளியூர்க் கார்களை மேட்டுப்பாளையத்தில் நிறுத்த வசதி செய்து, அங்கிருந்து மேலே ஏற்றிவரும் வேலையை உள்ளூர் வண்டிகளுக்குத் தரலாம். நியாயமான கட்டணத்தை எழுதி ஒட்டலாம். பயணிக்கு மலைப்பாதையில் ஓட்டும் பயம் இல்லை, உங்களுக்குச் சவாரி உண்டு, ஊருக்கு நெரிசல் குறையும். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் கொடுத்திருக்கிறது. அவர்கள் சாலை அகலத்தையும் வாகன நிறுத்தத்தையும் மட்டும் அளந்துவிட்டுப் போகக் கூடாது. டாக்ஸி ஸ்டாண்டில், கேரட் கழுவும் இடத்தில், குப்பை அள்ளும் தொழிலாளர்களிடம் போய்க் கேட்க வேண்டும். உங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சேர்ந்து இதை ஒரு மனுவாக எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

எந்த மாதம் வந்தால் கூட்டம் இருக்காது?
– வாசகர், கரூர்

ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும். குளிர் அதிகம், வானம் தெளிவாக இருக்கும். பொங்கல் விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மலர்க் கண்காட்சிதான் வேண்டும் என்றால் மே மாதம்தான், வேறு வழியில்லை. அப்போதும் வார நாளில் வாருங்கள்.

கோத்தகிரி பக்கத்தில் பத்து சென்ட் நிலம் வாங்கி, சோலார், மழைநீர்ச் சேகரிப்பு எல்லாம் வைத்து, இயற்கையைக் கெடுக்காத ஒரு காட்டேஜ் கட்ட ஆசை. ஊர்க்காரர்கள் வரவேற்பார்களா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

உங்கள் எண்ணம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

உங்களுக்கு அந்த நிலத்தை யார் விற்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற ஒரு சிறு தேயிலை விவசாயிதான். பசுந்தேயிலைக்கு வருகிற விலை பறிகூலிக்கும் உரத்துக்கும் சரியாகிவிடுகிறது. கட்டுப்படியான விலை கேட்டு 2023-ல் கோத்தகிரி அருகே எங்கள் மக்கள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். விலை கிடைக்காதபோது, மகளின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முதலில் கைவைப்பது சாலையோர நிலத்தில்தான். ஒரு துண்டு விற்றதும் பக்கத்து நிலத்தின் விலையும் ஏறிவிடும். அப்புறம் அதே ஊர்ப் பையன் வீடு கட்ட அரை சென்ட்கூட வாங்க முடியாது. வாடகையும் அப்படித்தான். முன்பு நர்சுகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வாடகைக்குக் கிடைத்த வீடுகள் இன்று நாள் வாடகைக் காட்டேஜ்களாக மாறிவிட்டன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களில் இன்னும் சொந்தமாக ஒரு வீட்டுமனை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நிலத்தின் விலை ஏறுவது அவர்களுக்குத்தான் முதல் அடி.

அடுத்தது சரிவு. மலையில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் மண்ணை வெட்டிச் சமதளமாக்க வேண்டும். சோலார் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த வெட்டு ஒன்றுதான். சரிவின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, மேலே மழைநீர் போகும் ஓடையை மூடிவிட்டால், நாலு நாள் அடைமழையில் மண் குழைந்து இறங்கிவிடும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 ஜூலை 30-ல் பக்கத்து வயநாட்டில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே பொக்லைன் வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. சொந்த வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்ட அனுமதிக்காக அலைகிற உள்ளூர்க்காரர், எதிர்ச் சரிவில் பெரிய விடுதி எழும்புவதைப் பார்க்கும்போது, சட்டம் யாருக்காக இருக்கிறது என்றுதான் கேட்பார். சுற்றுலா மேல் வருகிற கசப்பு இங்கிருந்துதான் வருகிறது.

கரடிகளையும் சொல்ல வேண்டும். தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கும் காட்டேஜ்களின் சமையல் கழிவு திறந்தவெளியில் கிடந்தால் கரடியும் காட்டெருமையும் காட்டுப்பன்றியும் அதைத் தேடி வரும். விருந்தினர் ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை விடியலில் அந்த வழியே வேலைக்கு நடக்கிற பெண்தான் கரடிக்கு எதிரே நிற்பாள்.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். ஊர்க்குடும்பம் ஒன்றின் ஏற்கெனவே இருக்கிற வீட்டை நீண்ட குத்தகைக்கு எடுங்கள். பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். கூரையைச் சரிசெய்து, கழிவுநீர்த் தொட்டியை ஒழுங்காகக் கட்டி, அந்தக் குடும்பத்தையே நடத்தச் சொல்லுங்கள். நிலம் அவர்களிடம் இருக்கும், வருமானத்தில் இருவருக்கும் பங்கு. அப்படி வந்தால் எங்கள் ஹட்டியில் உங்களை உட்காரவைத்து, அவரை உதக்கம் என்ற எங்கள் அவரைக்காய்க் குழம்போடு சாப்பாடு போடுவோம்.

மசினகுடியில் யானை வழித்தடத்துக்காக விடுதிகளை மூடியதை உள்ளூர் மக்கள் எதிர்த்தார்களே, அவர்களுக்கு யானை மேல் அக்கறை இல்லையா?
– வாசகர், ஈரோடு

அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். மசினகுடி இருக்கிற சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அரசு 2010-ல் அறிவித்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லுபடியாகும் என்று உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு தேவை என்றே நான் நினைக்கிறேன். 2021 ஜனவரியில் அதே மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றின் பக்கமாக வந்த யானை மேல் எரியும் டயரை வீசினார்கள், அந்த யானை இறந்தது. அதைப் பார்த்து உள்ளூர் மக்கள்தான் முதலில் அழுதார்கள்.

ஆனால் சீல் வைத்த அன்றைக்கு வேலை போனவர்கள் யார்? அறை பெருக்கிய பெண்கள், சமையல்காரர்கள், ஜீப் ஓட்டியவர்கள், வழிகாட்டியாகப் போன இருளர், குறும்பர் இளைஞர்கள். முதலாளிகளில் பலருக்கு வேறு ஊரிலும் தொழில் உண்டு. இவர்களுக்கு அந்த ஒரு வேலைதான். மாற்று வேலை பற்றிய திட்டம் தீர்ப்போடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவுக்கு வந்தவரை யானைக்கு எதிரி என்று தொலைக்காட்சியில் பேசினால், அடுத்த முறை காட்டுக்காக அவர் ஏன் நம்மோடு நிற்பார்?

தோடர் மந்துக்குப் போய்ப் படம் எடுக்கலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

கேட்டுவிட்டுப் போங்கள் அம்மா. மந்து என்பது தோடர் பழங்குடியினர் குடியிருக்கிற இடம், காட்சிக்கூடம் அல்ல. உதகையை ஒட்டிய மந்துகளில், கதவுக்கு உள்ளே எட்டிப் பார்ப்பவர்களும், வயதான பாட்டியை நிற்கவைத்து செல்ஃபி எடுப்பவர்களும் தினமும் வருகிறார்கள். கோயிலைச் சுற்றிக் கல்சுவர் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பெண்கள் எதுவரை போகலாம் என்பதற்கும் அவர்களிடம் முறை இருக்கிறது. யாராவது வேண்டாம் என்று தலையசைத்தால் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் போடும் அவர்களின் பூ வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. போட்ட பெண்ணிடமே நேராக வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு சால்வை முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

இப்படி ஊர் மக்களும் ஒத்துழைத்து உண்மையிலேயே வெற்றி பெற்ற முயற்சி ஏதாவது உண்டா? எல்லாம் பேச்சளவில்தான் இருக்கிறது.
– வாசகர், திருச்சி

இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே மது பாட்டில் விஷயத்தைப் பாருங்கள். குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப் போட்ட பாட்டில்களால் யானைகளின் காலும் மாடுகளின் காலும் கிழிந்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் இங்கேதான் முதலில், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. சாலையோரமும் சோலையோரமும் கண்ணெதிரே மாறின. பாட்டில் பொறுக்கிக் கொடுத்து நாலு காசு பார்த்தவர்களும் உண்டு. இதற்கு யாரும் கடையடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேரளத்தில் குமரகத்தில் 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாவையும் சொல்லலாம். அங்கேயும் முதலில் ஹோட்டல்கள் மேல் ஊருக்குக் கோபம்தான். காய்கறி, முட்டை, மீன் இவற்றை உள்ளூரில் வாங்குவது என்று ஊராட்சியும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களும் ஹோட்டல்களும் உட்கார்ந்து பேசி விலை நிர்ணயித்த பிறகுதான் பேச்சு மாறியது. இங்கே கேத்தி பள்ளத்தாக்கில் விளைகிற கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. அங்கே வாங்கிய காய் திரும்ப மலையேறி உதகை ஹோட்டலுக்கு வருவதும் நடக்கிறது. குமரகம் செய்ததை நாம் செய்ய எது தடை என்று எனக்குப் புரியவில்லை.

நானும் கோத்தகிரிதான் டீச்சர். இதையெல்லாம் நாம் எங்கே போய்ச் சொல்வது? யார் கேட்பார்கள்?
– உங்கள் பழைய மாணவி

கேட்கிற இடம் இருக்கிறது கண்ணு. லாங்வுட் சோலையை நினைத்துப் பார். 116 ஹெக்டேர் காடு, சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு அதுதான் குடிநீர். விறகு வெட்டும் குப்பையுமாக இருந்த அதை, நம் ஊர் ஆட்களே காவல் குழு வைத்து, வனத்துறையோடு சேர்ந்து நின்று காப்பாற்றினார்கள். அவர்களிடம் பணமோ பதவியோ இருக்கவில்லை.

இப்போது கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உன் ஊராட்சியில் அடுத்த கூட்டத்துக்குப் போ. தனியாகப் போகாதே, மகளிர் குழுவில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போ. ஊராட்சி எல்லைக்குள் எத்தனை காட்டேஜுக்கு அனுமதி இருக்கிறது, அவற்றின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, குப்பையை யார் எடுக்கிறார்கள் என்று எழுதி எடுத்துப் போய்க் கேள். வாய்ப் பதிலோடு விட்டுவிடாதே, கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிற வரை உட்கார்ந்திரு. தீர்மான நகல் ஒன்றை எனக்கு அனுப்பு, இந்தப் பகுதியிலேயே அதைப் பற்றி எழுதுகிறேன்.